அப்பாவுக்கு எடுத்த சீட்டு

கல்லூரி விடுதி, டண்டீ
2 மார்ச் 1997

அன்புள்ள சிகும்புஸோ அண்ணாவுக்கு,

தங்கை டோலா வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம், இருமல் மட்டும் விட மாட்டேன் என்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் உங்கள் உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அதே ரொட்டியும் டீயும்தானா?

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கறுப்புத் துக்க உடைக்குள் ஆள் பாதியாகிவிட்டாள். தூங்குவதே இல்லை. கண்ணை மூடினால் அப்பா வருகிறாராம். ஆஸ்பத்திரி அங்கியோடு வார்டு வாசலில் நின்றுகொண்டு, "எல்லாரும் போயிட்டாங்களா? என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?" என்று கேட்கிறாராம்.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என்னையே திட்டினார். "உடம்பைக் கொண்டாந்து பொதைச்சீங்க. ஆளை யாரு கொண்டாந்தது? சவ வண்டிக்காரன் அவசரப்படுத்துனான்னு ஜோஹன்னஸ்பர்க் ஆஸ்பத்திரி வாசல்லயே ஏறி வந்துட்டீங்க. உங்கப்பன் இன்னும் அந்தக் கட்டிலுகிட்டதான் நிப்பான். மூத்த மகன் முள்ளுக் கெளையோட போய்க் கூப்பிடணும். கூப்பிடாம யாரு வருவா?"

அப்பா இறந்து செப்டம்பரில் வருஷம் முடிகிறது. அம்மாவின் கறுப்பைக் கழற்றி எரித்துத் தலைமுழுக வைக்க வேண்டும். அதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவர் வராமல் கறுப்பை எடுக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

அடுத்தது என் சுயநலம். எங்கள் ஸுங்கு டீச்சர் ஆளுக்கு ஓர் ஆங்கில வினைச்சொல் கொடுத்திருக்கிறார். என் தலையில் விழுந்தது 'ரிட்ரீவ்'. அதன் அர்த்தங்கள், அதே அர்த்தம் தரும் மற்றச் சொற்கள், கடைசியில் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ஏதோ ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவது என்று மட்டும் தெரிகிறது. உங்களிடம் அந்தச் செங்கல் அகராதி இருக்கிறதே, புரட்டிப் பார்த்து எழுதுங்கள். வீட்டில் ஆங்கிலப் புலி நீங்கள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
டோலா


ஜோஹன்னஸ்பர்க்
12 மார்ச் 1997

அன்புள்ள டோலா,

அண்ணனின் வாழ்த்து. நான் நலம். உன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் எடுத்துக்கொள். அம்மாவை நினைத்தால் எனக்கும் கவலைதான்.

பெரியப்பா சொன்னபடி ஈஸ்டர் விடுமுறையில் அப்பாவை அழைத்து வருகிறேன். ஆனால் இதைக் கிடங்கு அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடப்போவதில்லை. எங்கள் மேலாளர் ஹடெபே ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவர். முன்னோர், கிளை, ஆடு என்று யாராவது வாயெடுத்தால், "இன்னும் இருட்டுலயே இருக்கீங்களேப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வார். கண்காணிப்பாளர் வேலைக்கு என் பெயரை எழுதப்போவது அவர்தான். உனக்குப் புரியும்.

உன் சொல்லுக்கு வருகிறேன். அதன் சொந்தக்காரச் சொற்கள் ஏகப்பட்டவை, எல்லாம் ஒரே ஜாடை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். 'ஃபெட்ச்' சாதாரண ஆள். தண்ணீர், விறகு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை, இதையெல்லாம் போய் எடுத்து வருவது. 'ரெக்கவர்' என்றால் தொலைந்தது திரும்பக் கிடைப்பது. ஜுரம் விட்டு எழுந்தவனுக்கும் அதையே சொல்வார்கள். 'ரிஸ்டோர்' என்பது முன்பிருந்த இடத்தில், முன்பிருந்த மாதிரியே வைப்பது. 'ரீகிளெய்ம்' செய்கிறவன் இது என்னுடையது என்று உரிமை சொல்லி வாங்குகிறவன். உன் 'ரிட்ரீவ்' இருக்கிறதே, அதில் கொஞ்சம் பாடு உண்டு. வேட்டைக்காரன் சுட்ட பறவை எங்கோ புதரில் விழுந்துவிடும். நாய் போய்த் தேடி, பல் படாமல் கவ்வி, கொண்டுவந்து அவன் காலடியில் வைக்கும். அதுதான். மதிப்பெண் குறைந்தால் என்னைக் குறை சொல்லாதே.

உன் அண்ணன்,
சிகும்புஸோ


டண்டீ
20 மார்ச் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். உங்கள் கடிதத்தை நாய் வரைக்கும் ஒரு வரி விடாமல் காப்பியடித்துவிட்டேன். வாழ்க்கை வாக்கியம் மட்டும்தான் பாக்கி.

நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா சொன்னதை அப்படியே தருகிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது, அதட்டல் உள்பட.

"இலந்தைக் கெளை, முள்ளோட வெட்டிக்க. கட்டிலுகிட்ட போயி அப்பன் பேரைச் சொல்லி, வாங்க வீட்டுக்குப் போவோம்னு கூப்புடு, அவன் அந்தக் கெளையில வந்து ஏறிக்குவான். கெளையைக் கையில எடுத்ததுக்கப்புறம் உன் வாய் அவன்கிட்ட மட்டுந்தான் பேசணும். வேற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கூடாது. ராஜாவே வந்து கேட்டாலும் கூடாது. படி எறங்குனா அவன்கிட்ட சொல்லு. வண்டி ஏறுனா சொல்லு. ஆறு தாண்டுனா சொல்லு. சொல்லாம விட்டா அவனுக்கு வழி தெரியாது, அங்கயே நின்னுருவான். வேன்ல அவனுக்குத் தனிச் சீட்டு எடு. மடியில வச்சுக் கூட்டியார அவன் என்ன கைக்கொழந்தையா?"

நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வர உங்களால் முடியுமா என்று அம்மா கேட்டாள். முடியும் என்று நான்தான் ஜாமீன் கொடுத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள். நானும் ஈஸ்டருக்கு வீட்டில் இருப்பேன்.

அம்மா நேற்று முதல் தடவையாகச் சிரித்தாள். கிளையை வைக்க முன்னோர் இடத்தைச் சாணமிட்டு மெழுகிவிட்டாள், அதற்குள்.

உங்கள் தங்கை,
டோலா


ஜோஹன்னஸ்பர்க்
9 ஏப்ரல் 1997

அன்புள்ள டோலா,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் கல்லூரிக்குத் திரும்பியிருப்பாய். இருமல் தேவலையா?

ஈஸ்டரில் உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. வீடு நிறைய ஜனம், பெரியப்பாவின் பேச்சு, ஆடு, சோள மது. மறுநாள் விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது, வேலை அப்படி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மா இனி நிம்மதியாகத் தூங்குவாள். கையில் முள் கிழித்தது ஆறிவிட்டது என்று அவளிடம் சொல்.

உன் கட்டுரைக்கு இன்னொரு சொல் கிடைத்தது: 'ரிடீம்'. அடகு வைத்ததை மீட்பது. தேவாலயத்திலும் இதே சொல்தான், பாவத்திலிருந்து மீட்பவர் என்று. ஹடெபே ஐயாதான் விளக்கினார். இப்போதெல்லாம் என்னிடம் நன்றாகப் பேசுகிறார். இங்கே மழை நின்றுவிட்டது. காலையில் குளிர் ஆரம்பம். பக்கத்து அறைக்காரர் புது ரேடியோ வாங்கியிருக்கிறார், அலறுகிறது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
சிகும்புஸோ


டண்டீ
4 மே 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். பக்கத்து அறை ரேடியோ பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் தவிர நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரைக்கு நல்ல மதிப்பெண். அதோடு விட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கடைசி வாக்கியமாக, 'ஆஸ்பத்திரியில் தனியாக நின்ற என் தந்தையை என் அண்ணன் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஈஸ்டருக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்ட வாக்கியம் அது. ஸுங்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்திரிச்சுப் படிம்மா, எல்லாரும் கேக்கட்டும். வாழ்க்கையில இருந்து எழுதுறதுன்னா இதுதான்" என்றார். எழுந்தேன். பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. துக்கம் தாங்காமல் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டை கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். அம்மா தூங்கவில்லை. கனவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். "இப்ப ஆஸ்பத்திரியில இல்லடி. வெளிய எங்கயோ நிக்கிறாரு. காத்து அடிக்குது. லாரி லாரியாப் போகுது. யாரும் அவரைத் திரும்பிப் பாக்கல" என்கிறாள். பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாமதான் முறைப்படி செஞ்சோமே" என்று தாடையைத் தேய்த்துக்கொள்கிறார்.

வரும் வழியில் ஏதாவது நடந்ததா அண்ணா? சும்மா கேட்டேன்.

தங்கை,
டோலா


ஜோஹன்னஸ்பர்க்
29 ஜூன் 1997

அன்புள்ள டோலா,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கண்காணிப்பாளர் வேலை கிடைத்துவிட்டது. ஹடெபே ஐயா எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். அதிலிருந்து தலைக்கு மேல் வேலை.

அம்மாவுக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். சாப்பிட்டது செரிக்காவிட்டாலும் இந்த மாதிரிக் கனவுகள் வரும் என்று பத்திரிகையில் படித்தேன். புளித்த பாலைக் குறைக்கட்டும்.

லாரி என்று அம்மா சொன்னாளே, வேறு ஏதாவது சொன்னாளா? பக்கத்தில் கட்டடம், பெயர்ப்பலகை, அந்த மாதிரி. சும்மா தெரிந்துகொள்ளத்தான். கனவில் என்ன இருக்கிறது.

அண்ணன்,
சிகும்புஸோ


டண்டீ
13 ஜூலை 1997

அண்ணாவுக்கு,

கம்பளி வந்தது. அம்மா போர்த்திக்கொள்ளவில்லை, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவள் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நர்ஸ் பார்த்துவிட்டு, "அழுத்தம் உங்க மகனுக்குத்தான் பாக்கணும், கம்பளி அனுப்பி இவ்வளவு பதறுறானே" என்று கேலி செய்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கொண்டுவந்த கிளை ஜோஹன்னஸ்பர்க்கில் வெட்டியது இல்லை.

நீங்கள் விடியுமுன் கிளம்பிப் போன அன்று காலை நான்தான் முன்னோர் இடத்தைப் பெருக்கினேன். ஒரு நாள் முழுக்க வெயிலிலும் வேனிலும் வந்த கிளை வதங்கித் தொங்க வேண்டும். அது பளபளவென்று நின்றது. வெட்டு வாயில் ஈரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள், அதுவும் நம் ஆற்றங்கரை மரத்துப் பூசணிக்காயை. தண்ணீருக்குப் போனபோது ஒடித்த இடத்தையும் பார்த்தேன்.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆடு வெட்டியாகிவிட்டது, ஊர் சாப்பிட்டாகிவிட்டது, பெரியப்பா உங்களைப் புகழ்ந்து முடித்தாகிவிட்டது. அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உங்கள் சம்பளத்தில் நான் படிக்கிறேன். உங்களைப் பகைத்துக்கொண்டால் என் படிப்பு என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவைப் பற்றிப் பிறகுதான் நினைத்தேன். வகுப்பில் எழுந்து நின்று அந்த வாக்கியத்தைப் படித்தபோது தொண்டையை அடைத்தது அதுதான்.

அப்பா எங்கே அண்ணா?

டோலா


டண்டீ
10 ஆகஸ்ட் 1997

அண்ணாவுக்கு,

நலமா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் சைக்கிளைப் பார்த்தாலே ஓடுகிறேன், விடுதிப் பெண்கள் எனக்குக் காதலன் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

பெரியப்பா செப்டம்பர் கடைசி சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அம்மா என்னிடம், "அன்னிக்கு எல்லாரும் வந்து உக்காருவாங்க. அவரு வந்திருக்க மாட்டாரு. நான் கறுப்பைக் கழட்டிப் போட்டுட்டு யாருகிட்ட விடை வாங்குறது?" என்று கேட்டாள். நான் அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

டோலா


ஜோஹன்னஸ்பர்க்
17 ஆகஸ்ட் 1997

டோலா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அந்தக் கட்டிலில் வேறொரு கிழவர் படுத்திருந்தார். கிளையைப் பார்த்ததும் தானே காலை மடக்கி வழிவிட்டார். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நம்புவாயோ மாட்டாயோ, கிளை கனத்தது. படியில் சொன்னேன், வாசலில் சொன்னேன். வேனில் அவருக்கு ஜன்னலோரச் சீட்டு. வால் ஆற்றுப் பாலம் வந்தபோது, "அப்பா, பெரிய ஆறு தாண்டுறோம்" என்றேன். முன்சீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வோல்க்ஸ்ருஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் வேன் நின்றது. அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளையோடு இறங்கினேன். பெட்ரோல் போடும் இடத்தில் ஹடெபே ஐயாவின் கார். மனைவி, பிள்ளைகள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். நியூகாசிலில் ஈஸ்டர் கூட்டமாம்.

"அடே, சிகும்புஸோ, நீயா? வேன்ல எதுக்கு நசுங்குற, ஏறு கார்ல" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "அதென்னப்பா?"

தலையை ஆட்டியிருக்கலாம். ஊமை மாதிரி நின்றிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள். என் வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணுமில்லைங்கய்யா. ஆட்டுக்குத் தழை" என்றேன். அவர் மனைவி, "கார்ல முள்ளு கிழிச்சிரும்பா" என்றாள். பக்கத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. போட்டேன். காரில் ஏறுகிறேன் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை, டோலா. வேன் அவருடைய காலிச் சீட்டோடு எங்களைத் தாண்டிப் போனது. காரில் பாட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன்.

மீதி உனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் கத்திகூட இல்லாமல் கையால் ஒடித்தேன். கை கிழிந்ததைப் பார்த்து அம்மா வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அகராதியில் உன் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் போட்டிருந்தது, அன்று இடமில்லை என்று விட்டுவிட்டேன். கெட்டுப்போன காரியத்தைச் சரிக்கட்டுவது. எப்படி என்று அதில் போடவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடு. நான் சொல்ல வேண்டியது, என்னால் முடியவில்லை.

சிகும்புஸோ


டண்டீ
26 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை நிமிரவில்லை. சொத்தையை எல்லாம் தனியாக ஒதுக்கிவிட்டு, முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நெனைச்சேன்" என்றாள். "கையைக் கழுவிவிடறப்ப அவன் என் கண்ணைப் பாக்கல. திருட்டுச் சோளம் தின்ன பயலா இருந்தப்பவும் அப்படித்தான்."

பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம், அங்க யாரும் இல்ல. விட்ட எடத்துக்கே போகச் சொல்லு. நாலு பேரு பாக்க விட்டான்ல, நாலு பேரு பாக்கவே கூப்பிடட்டும். மன்னிப்புக் கேக்கட்டும். வந்தா வருவாரு. வரலைன்னா நான் இந்தக் கறுப்பைச் சாகுற வரைக்கும் போட்டுக்கிட்டுத் திரியுறேன். உங்க பெரியப்பாகிட்ட மட்டும் வாயைத் திறக்காத, அந்த ஆளு ஊரைக் கூட்டிருவாரு."

கோபமா என்று கேட்டேன். "எங்க நேரம் இருக்கு கோவப்பட?" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

எனக்குத் தேர்வு தொடங்குகிறது, வீட்டுக்கு வர முடியாது. போவீர்கள்தானே அண்ணா? போய்விட்டு எழுதுங்கள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
டோலா


ஜோஹன்னஸ்பர்க்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள டோலா,

அண்ணனின் அன்பு. தேர்வுகள் எப்படி இருந்தன? முதலில் நீ கேட்க விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார். அம்மா நான் இருந்த இரண்டு ராத்திரியும் தூங்கினாள், குறட்டைகூட விட்டாள். கடைசி சனிக்கிழமையே கறுப்பைக் கழற்றலாம் என்று அவளே பெரியப்பாவிடம் சொன்னாள். "நான் குறிச்ச நாளை எனக்கே சொல்றாளே" என்று அவர் குழம்பிப்போய் நிற்கிறார்.

விடுப்புக் கேட்கப் போனபோது ஹடெபே ஐயா காரணம் கேட்டார். "எங்கப்பாவைக் கூட்டிட்டு வரணுங்க. ஈஸ்டர் அன்னிக்கு உங்க கார்ல ஏறுறதுக்காக அவரைக் குப்பைத்தொட்டியில போட்டேன். ஆட்டுத் தழைன்னு சொன்னது பொய்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை. வேலை நிலைக்குமா என்று தெரியாது. பார்ப்போம்.

பங்கில் நடந்தது முழுவதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

புதுக் கிளை ஒன்றோடு அந்தப் பங்கில் இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு சீட்டு என்று வேன்காரரிடம் முன்பே சொல்லியிருந்தேன். தொட்டி அதே இடத்தில் இருந்தது. லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டேன். குரல் வேண்டியதற்கு மேல் சத்தமாக வந்தது. "அப்பா, ஃபனயாகே, ம்வெலாசே குலத்தாரே, நான்தான். இங்கதான் உங்களை விட்டேன். உங்களால எனக்கு வெக்கமில்ல. என்னைய யாரு பாத்து என்ன நெனைப்பாங்கன்னுதான் வெக்கம். மன்னிச்சிருங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஒன்றும் நடக்கவில்லை. கிளை கையில் வெறும் கிளையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கனத்தது போல் கனக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "தம்பி, அவரு தொட்டியில இல்ல."

சுவரோரம் குடை நட்டு அவித்த சோளம் விற்கிறவள். நம் அம்மாவை விடச் சின்ன வயது. எழுந்து தன் கடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனாள். சுவருக்கும் கம்பிவேலிக்கும் நடுவில், மழை படாமல் சோளச் சாக்குப் போர்த்தி, ஒரு குச்சி சாய்த்து வைத்திருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. முள் மட்டும்.

"ஈஸ்டர் சமயத்துல தோலைக் கொட்டப் போனப்ப பாத்தேன். ஒரு ஆளைக் கொண்டாந்து இதுக்குள்ள யாரு போட்டிருப்பான்னு நெனைச்சேன். எடுத்து இங்க வச்சேன். எந்த ஊருன்னு தெரியல, கொண்டுபோய்ச் சேக்க எனக்கு உரிமையும் இல்ல. அதனால கடை தெறக்கும்போது, 'அப்பா, விடிஞ்சிருச்சு, உங்க ஆளுங்க வருவாங்க'ன்னு சொல்லுவேன். மூடும்போது, 'நான் வீட்டுக்குப் போறேன், நீங்க இருங்க'ன்னு சொல்லிட்டுப் போவேன். பேரு தெரியாம அப்பான்னே கூப்பிட்டுட்டேன். பேரு என்ன தம்பி?"

நான் என் கிளையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குச்சியைக் கையில் எடுத்திருந்தேன். கனத்தது. பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதை விட அநியாயம் இல்லை. ஆனால் போன தடவை இதே இடத்தில்தான் என் வாய் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியிடம் பேசினேன்.

"அப்பா, இந்த அம்மா உங்க பேரைக் கேக்குறாங்க. ஃபனயாகே மஸிபுகோன்னு அவங்களுக்குத் தெரியட்டும். உங்க மகன் செய்ய வேண்டியதை இத்தனை மாசமா அவங்க செஞ்சிருக்காங்க. நான் அவங்ககிட்ட பேசக் கூடாது. நீங்களே நன்றி சொல்லிருங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அப்பாவிடம்தான் பேசினாள். "அப்ப கெளம்புறீங்க, ஃபனயாகே ஐயா. நல்லது. வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. பையன் மேல கோவப்படாதீங்க. வந்துட்டான்ல."

வேனில் ஏறுகிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். வீடு வரை வேறு யாரிடமும் பேசவில்லை. அழுதேன், அது பேச்சில் சேராது என்று நினைக்கிறேன்.

நேற்றுத் திரும்பி வரும்போது அந்தப் பங்கில் இறங்கி, அவள் பெயரைக் கேட்டு, ஒழுங்காக நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே வந்தேன். அம்மா அவித்த பீன்ஸில் ஒரு பொட்டலம்கூட எடுத்து வைத்திருந்தேன். இப்போது என் வாய்க்கு எந்தத் தடையும் இல்லை. வேன் நின்றது. அவள் குடைக்குக் கீழே உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கவில்லை, டோலா. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் அண்ணன்,
சிகும்புஸோ